பந்துன் சொல்லலாம் வாருங்கள்: தோட்டத்துப் பட்டணங்களில் மலாய்க் கவிதையைத் தமிழில் வாசிக்க ஒரு வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்துப் பட்டணங்களில் பிறந்து வளர்ந்த நமக்கு மலாய்மொழி புதியதன்று. பள்ளியில் பாடமாகப் படித்தோம். சந்தையில் பேரம் பேசுகிறோம். அரசு அலுவலகத்தில் படிவம் நிரப்புகிறோம். ஆயினும், அண்டை வீட்டு மலாய்க்காரர் தம் மகளின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டாரோடு மாறிமாறிச் சொல்லி மகிழும் பந்துன் என்னும் நான்கு வரிக் கவிதை என்ன, அதில் அவர் எதைச் சொன்னார், எதைச் சொல்லாமல் உணர்த்தினார் என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரிவதில்லை. நாற்பது ஆண்டுகள் ஒரே வேலியின் இரு பக்கமும் வாழ்ந்தும் ஒருவர் பாட்டு மற்றவருக்குத் தெரியாதிருப்பதை நான் பெருங்குறையாகவே எண்ணுகிறேன். அக்குறையைத் தம் ஊரளவிலாவது நீக்க விரும்பி, மலாய்க் கவிதைகளைத் தமிழாக்கி, இரு மொழியினரும் அமர்ந்திருக்கும் அவையில் வாசிக்க முற்படும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதற்குப் பெரிய புலமை தேவையில்லை. பொறுமையும், ஒரு குறிப்பேடும், மலாய் தெரிந்த ஒரு நல்ல அண்டைவீட்டாரும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

எதை முதலில் எடுத்துக்கொள்வது

மலாய்க் கவிதையில் பல வகை உண்டு. நான்கு வரியும் ஒரே ஓசையில் முடிவது ஷாயிர். இரண்டிரண்டு வரிகளில் அறம் சொல்வது குரிண்டாம். கட்டற்ற நடையில் அமைந்த இக்காலக் கவிதை சாஜாக். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, புதியவர்கள் பந்துனிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பந்துன் நான்கே வரிகள் கொண்டது. ஆகவே மனப்பாடம் செய்வது எளிது. மக்கள் வாயில் வழிவழியாக வந்த பழைய பந்துன்களுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. எவருடைய அனுமதியும் தேவையில்லை. அவையில் இருக்கும் மலாய்க்காரர்களில் முதியவர் முதல் சிறுவர் வரை அதை முன்பே அறிந்திருப்பார்கள் என்பதால், தமிழில் அது எப்படி ஒலிக்கப்போகிறது என்ற ஆவல் அவர்களுக்குத் தானாகவே பிறக்கும். செம்பனைத் தோட்டங்களில் இன்று வேலை செய்யும் இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கும் இது சொந்தக் கவிதையே. மலேசியாவும் இந்தோனேசியாவும் இணைந்து முன்மொழிந்ததன் பேரில் 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோ பந்துனை மானுடத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

சாஜாக் வாசிக்க ஆசைப்படுவோர் சட்டத்தை அறிந்துகொள்ள வேண்டும். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஓர் எழுத்தாளரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 50 ஆண்டுகளும் அவர் படைப்புக்குக் காப்பு உண்டு. மொழிபெயர்க்கும் உரிமையும் அதில் அடங்கும். 1983இல் தேசிய இலக்கியவாதி விருது பெற்ற உஸ்மான் அவாங், வேலியோரம் வந்து நிற்கும் அண்டைவீட்டுச் சீனப் பிள்ளையைப் பற்றி எழுதிய கவிதை நம் நோக்கத்துக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் அவர் மறைந்தது 2001இல். எனவே பதிப்பாளர் வழியாக உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதி இசைவு பெற்ற பின்னரே அதைத் தமிழாக்க வேண்டும். நல்லெண்ணத்துக்காகச் செய்கிற காரியத்தை ஒருவர் உழைப்பை எடுத்தாண்டு தொடங்குவது முறையாகாது.

வாழைப்பழத்தை விட்டுவிடாதீர்கள்

பந்துனின் முதல் இரண்டு வரிகளுக்குப் பெம்பாயாங் என்று பெயர். நிழலாக முன்னே விழுந்து குறிப்புக் காட்டுவது என்று பொருள். பின்னிரண்டு வரிகள் மக்சூட்; சொல்ல வந்த கருத்து அங்கேதான் வரும். முதல் வரி மூன்றாம் வரியோடும், இரண்டாம் வரி நான்காம் வரியோடும் கடைசி ஓசையில் ஒத்துப்போகும். நாடறிந்த ஒரு பந்துனைப் பாருங்கள்:

பீசாங் எமாஸ் டிபாவா பெலாயார்,
மாசாக் செபீஜி டி ஆதாஸ் பெத்தி;
ஹூத்தாங் எமாஸ் போலே டிபாயார்,
ஹூத்தாங் பூடி டிபாவா மாத்தி.

முதலிரண்டு வரிகளில் பொன்வாழைப் பழம் கப்பலேறிப் போகிறது. பெட்டியின் மேல் ஒரு பழம் கனிகிறது. பின்னிரண்டு வரிகள், பொன்னாகப் பட்ட கடனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஒருவர் செய்த நன்மைக்குப் பட்ட கடனோ சாகும்வரை கூடவே வரும் என்கின்றன.

நான் முதன்முதலில் இதைத் தமிழாக்கியபோது, முன்னிரண்டு வரிகள் கருத்தோடு ஒட்டவில்லை என்று எண்ணி அவற்றை நீக்கிவிட்டு, நன்றிக்கடனைப் பற்றிய இரண்டு வரிகளை மட்டும் அழகாகச் செதுக்கிக் கொண்டுபோய் மேடையில் வாசித்தேன். தமிழர்கள் கைதட்டினார்கள். முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மலாய்ப் பெரியவர், பணி ஓய்வு பெற்றவர், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து கையைப் பற்றிக்கொண்டு மென்மையாகக் கேட்டார்: “பீசாங் மானா, டிக்?” வாழைப்பழம் எங்கே தம்பி என்ற அந்த ஒரு கேள்வியில் என் பிழை முழுவதும் எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கு அந்தப் பந்துன் என்பது அவருடைய தாய் சொல்லிக் கேட்ட வாழைப்பழமும் பெட்டியும் கப்பலும் சேர்ந்ததுதான். அவருடைய வீட்டை வெளியே விட்டுவிட்டு அறிவுரையை மட்டும் நான் எடுத்து வந்திருந்தேன்.

புதியவர்கள் அனைவரும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒற்றுமை பற்றிய நிகழ்ச்சி என்றதும் கருத்தைத் தேடி ஓடுகிறோம். கருத்து மட்டும் மிஞ்சினால் அது சுவரில் ஒட்டும் வாசகமாகிவிடுகிறது. ஆற்றங்கரையும் மீனும் பலாமரமும் மந்தியும் பேசுவதுபோல் பேசி மனத்தை உணர்த்தும் உள்ளுறை என்னும் உத்தியைச் சங்கப் பாடல்களில் கண்ட தமிழருக்குப் பெம்பாயாங் வேற்றுப்பொருளாகத் தோன்ற வேண்டியதே இல்லை. இரண்டும் ஒன்றல்ல என்றாலும், கேட்கும் காது ஏற்கெனவே பழகியிருக்கிறது.

தமிழாக்கும் முறை

முதலில் கவிதையை ரூமி என்னும் ரோமன் எழுத்தில் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே பொருளை வலப்பக்கத்தில் எழுதுங்கள். அதன்பின் மலாய் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். நம் தமிழ்ப்பள்ளிகளில் மலாய்ப் பாடம் நடத்தும் மலாய் ஆசிரியர்கள் பலர் இதற்கு மகிழ்ச்சியோடு உதவுவார்கள். அகராதியில் கிடைக்காத வழக்குப் பொருளை அவர்களிடம்தான் பெற முடியும். பூடி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழிப் புத்தியிலிருந்து மலாய்க்குப் போன அந்தச் சொல் அங்கே அறிவை விட்டு நகர்ந்து, நல்லியல்பு, பிறருக்குச் செய்த நன்மை, பண்பு என்றெல்லாம் விரிந்துவிட்டது. நமக்குத் தெரிந்த சொல்லாயிற்றே என்று புத்தி என்றே மொழிபெயர்த்தால் கவிதை முழுவதும் கெட்டுவிடும்.

பெத்தி என்பதோ நம் பெட்டியேதான். கடை கெடாய் ஆனதும், கப்பல் காப்பால் ஆனதும், கட்டில் காத்தில் ஆனதும் பழைய கடல் வாணிகத்தின் தடங்கள். இச்சொற்கள் வரும் பந்துனைத் தேர்ந்தெடுத்து, தமிழாக்கத்திலும் அதே சொல்லை அதே இடத்தில் வைத்தால், மலாய்க்காரரின் காதுக்கும் தமிழாக்கத்தில் ஒரு சொல்லாவது பிடிபடும். அந்தக் கணத்தில் அவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஓசை. மலாய்ப் பந்துனின் ஒரு வரி பெரும்பாலும் நான்கு சொற்களால் ஆனது. அசைகள் 8 முதல் 12 வரை இருக்கும். நமக்கும் நான்கு சீர் கொண்ட அளவடி இயல்பான நடை என்பதால் வரியின் நீளத்தில் இடர்ப்பாடு இல்லை. இடர்ப்பாடு கடைசி ஓசையில்தான். வரியின் இறுதியில் வரும் இயைபைக் காட்டிலும் தொடக்கத்தில் வரும் எதுகையையும் மோனையையும்தான் தமிழ்க் காது முதலில் பிடித்துக்கொள்ளும். ஆகவே மூலத்தில் வரிக்கடைசியில் உள்ள ஒலி ஒப்புமையைத் தமிழில் வரித்தொடக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது பல முறை எழுதிப் பார்த்து நான் கண்ட வழி. முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் ஓர் எதுகை, இரண்டாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் வேறோர் எதுகை என்று அமைத்தால் பந்துனின் பின்னல் குலையாது:

பொன்வாழை ஒன்று கப்பலில் ஏறும்;
பெட்டியின் மேலே ஒருகனி பழுக்கும்;
பொன்கடன் என்றால் திருப்பித் தரலாம்;
பட்ட நன்றிக்கடன் சாவிலும் தொடரும்.

மூலத்தில் எமாஸ் என்ற சொல் முதல் வரியிலும் மூன்றாம் வரியிலும் வருவதுபோல் இங்கே பொன் வருகிறது. பெட்டிக்கும் பட்டவுக்கும் எதுகை. இதைவிடச் செம்மையாக உங்களால் செய்ய முடியும். முறை விளங்கினால் போதும். கடுமையான சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். பால்மரம் சீவிய பாட்டி ஒருவர் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார், ஒரே முறை கேட்டதும் அவருக்குப் புரிய வேண்டும் என்று எண்ணிக்கொண்டு எழுதினால் சொல் தானாகவே எளிமையாகும்.

பிள்ளைகளைக் கொண்டு தொடங்குவதாயின் அவர்களுக்கென்றே பிறந்ததுபோல் ஒரு பந்துன் இருக்கிறது:

புவா செம்பெடாக் டி லுவார் பாகார்,
அம்பில் காலாஹ் தோலோங் ஜோலோக்கான்;
சாயா பூடாக் பாரு பெலாஜார்,
காலாவ் சாலாஹ் தோலோங் துஞ்ஜோக்கான்.

வேலிக்கு வெளியே பழுத்த செம்பெடாக்;
கழியொன்று கொண்டு தட்டித் தாருங்கள்;
பாலர் நாங்கள் புதிதாய்க் கற்பவர்;
பிழையொன்று கண்டால் சுட்டித் தாருங்கள்.

மூலத்தில் நான் என்று ஒருமையில் இருப்பதைத் தமிழில் பன்மையாக்கியிருக்கிறேன். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை இருவரும் வாசிக்க அது ஏதுவாகும். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து சொல்லவும் கைகொடுக்கும். செம்பெடாக் என்பது பலாவைப் போன்ற ஒரு பழம். காலாஹ் என்பது நீண்ட கழி. செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி தோளில் சுமந்து போவதும் அதைத்தான் என்று சொல்லிக்கொடுத்தால் தோட்டத்துப் பிள்ளைகள் அந்த வரியை மறக்கவே மாட்டார்கள்.

நாவைப் பழக்குதல்

மலாய் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டாம். இக்கட்டுரையில் படிப்பவர் வசதிக்காக அவ்வாறு தந்திருக்கிறேன். மேடை ஏறுபவர் கையில் ரூமிப் படியே இருக்க வேண்டும். நம் எழுத்தில் க, ப ஆகியவை இரண்டு ஒலிகளுக்கும் பொது என்பதால், காலை என்ற பொருள் தரும் சொல்லும் கொடு என்ற பொருள் தரும் சொல்லும் பாகி என்று ஒரே வடிவில் வந்து நிற்கும். மேலும் மலாயில் எகரம் இரண்டு விதமாக ஒலிக்கும். எமாஸ் என்பதில் வரும் எகரம் வாய் அதிகம் திறவாமல் மங்கலாக ஒலிக்க வேண்டும். தெளிந்த எகரமாக அதைச் சொன்னால் மலாய்க் காதுக்கு உறுத்தும். சொல்லின் இறுதியில் வரும் ககரத்தை அழுத்தாமல் தொண்டையிலேயே நிறுத்திவிட வேண்டும். செம்பெடாக், பூடாக் ஆகிய இரண்டையும் பத்து முறை சொல்லிப் பழகினால் இது கைவந்துவிடும்.

நம் கவியரங்கங்களில் ஓர் அடியை இருமுறை சொல்லி அவையின் ஆர்வத்தைத் தூண்டும் வழக்கம் இருக்கிறதல்லவா, அதைப் பந்துனுக்கும் பயன்படுத்தலாம். பெம்பாயாங்கை இருமுறை சொல்லிச் சிறிது நிறுத்திவிட்டு, மக்சூட்டை ஒரே முறை, குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். திரைப்பாட்டு மெட்டில் பாட வேண்டாம். மலாக்காவில் பந்துனை இசையோடு மாறிமாறிப் பாடும் டொண்டாங் சாயாங் என்ற தனிக்கலை உண்டு. அதுவும் 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அந்த இசையைக் கற்றவர் பாடட்டும். நாம் பேச்சுக்குரலில் தெளிவாகச் சொன்னாலே நிறைவாக இருக்கும்.

நாளும் இடமும் அவையும்

ஞாயிறு காலை 10 மணி தோட்டத்து மக்களுக்கு ஏற்றது. மலாய் நண்பர்களின் நண்பகல் தொழுகைக்கு முன்பே முடித்துவிடவும் அது வசதி. நோன்பு மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஆகஸ்ட் 31 தேசிய தினத்துக்கும் செப்டம்பர் 16 மலேசிய தினத்துக்கும் இடைப்பட்ட வாரங்களில் வைத்தால் பள்ளிகளும் ஆர்வத்தோடு முன்வரும். கோயில் மண்டபம் நமக்குப் பழக்கமான இடம்தான் என்றாலும், அனைவரும் தயக்கமின்றிக் காலடி வைக்கப் பாலாய் ராயா என்னும் ஊர்ப் பொதுமண்டபமோ பள்ளி மண்டபமோ சிறந்தது. 1975 முதல் இயங்கிவரும் ருக்குன் தெதாங்கா அண்டை அயலார் அமைப்பு உங்கள் தாமான் குடியிருப்பில் இருந்தால், அதன் பொறுப்பாளரிடம் பேசினால் இடமும் நாற்காலியும் ஒலிபெருக்கியும் கிடைக்க வழி பிறக்கும். சிற்றுண்டியை ஹலால் சான்று பெற்ற கடையில் வாங்கிவிடுங்கள். உருளைக்கிழங்குக் காரிப்பாப் என்றால் சைவத்தாரும் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார்கள்.

ஒரு நிகழ்ச்சிக்கு ஆறு பந்துன்களும், இசைவு கிடைத்திருந்தால் ஒரு சாஜாக்கும் போதும். 40 நிமிடங்களைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு பந்துனையும் முதலில் மலாய் அண்டைவீட்டார் ஒருவர் மூலத்தில் சொல்ல வேண்டும், அதன்பின் நம்மவர் தமிழில் சொல்ல வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மூலத்துக்குரியவர் முதலில் பேசுவதே மரியாதை. தம் பாட்டி சொன்ன வரி இன்னொரு மொழியில் என்னவாகிறது என்று அவர் காத்திருந்து கேட்கும் அந்த அரை நிமிடத்தில்தான் இரு வீட்டாரும் உண்மையாகவே நெருங்குகிறார்கள் என்று நான் நம்புகிறேன். இரண்டாம் சுற்றில், விரும்பினால், இருவரும் மொழியை மாற்றிக்கொண்டு வாசிக்கலாம். மலாய் அண்டைவீட்டார் தட்டித்தடுமாறி ஒரு தமிழ் வரியைச் சொல்லும்போது எவரும் சிரித்துவிடாதபடி பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இங்கே ஒரு வேண்டுகோள். நன்றிக்கடனைப் பற்றிய பந்துனைக் கேட்டதும், செய்ந்நன்றி அறிதலுக்குத் திருக்குறள் தனி அதிகாரமே வைத்திருக்கிறது என்று சொல்ல நம் நாக்கு துடிக்கும். உண்மைதான். ஆனால் அன்று அதைச் சொல்லாதிருங்கள். விருந்தினர் ஒரு பாட்டைச் சொன்னவுடன் எங்களிடமும் இருக்கிறது என்று எடுத்து நீட்டினால் கேட்பது நின்று போட்டி தொடங்கிவிடும். திருக்குறளை மலாயில் சொல்ல வேறொரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவைக்கலாம். அரசியல் பேச்சையும், சமயத்தை ஒப்பிடும் பேச்சையும், எவர் முதலில் இந்நாட்டுக்கு வந்தார் என்ற பேச்சையும் அறிவிப்பாளர் அடியோடு தவிர்க்க வேண்டும். இந்நாடு 1969ஆம் ஆண்டு மே 13 கலவரத்தைக் கண்டது; அதன்பின் 1970இல்தான் ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடு வந்தது. கூட்டத்தில் இருக்கும் மூத்தவர்கள் அந்நாள்களை நினைவில் வைத்திருப்பவர்கள். அவர்களை நினைத்துச் சொற்களை அளந்து பயன்படுத்துங்கள்.

நிறைவாக

விடைபெறும்போது சொல்லும் பந்துன் ஒன்று உண்டு. நிகழ்ச்சியை அதனோடு முடியுங்கள்.

காலாவ் ஆடா சூமூர் டி லாடாங்,
போலே கீத்தா மெனும்பாங் மண்டி;
காலாவ் ஆடா உமூர் யாங் பாஞ்சாங்,
போலே கீத்தா பெர்ஜும்பா லாகி.

லாடாங் என்பது முன்பு காட்டைத் திருத்திப் பயிரிட்ட கொல்லையைக் குறித்தது. இன்று நாம் வாழும் தோட்டத்துக்கும் அதுவே பெயர். மெனும்பாங் என்பதன் அடிச்சொல்லை நாம் தும்பாங் என்று நாள்தோறும் பேசுகிறோம்; ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொள்வதற்கும் அதே சொல்தான். பிறருக்குரியதை அவர் மனமிசைந்து தர, சிறிது நேரம் பயன்படுத்திக்கொள்வது என்ற நுட்பத்தைத் தமிழில் கொண்டுவர எனக்கு நெடுநாள் ஆயிற்று. கடைசியில் வேண்டி என்ற சொல்லில் வந்து நின்றேன். லயத்து வீடுகளுக்குப் பொதுவாக ஒரே கிணறு இருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

தோட்டத்தில் கிணறு இருக்கு மானால்,
வேண்டிநாம் அதிலே குளித்துச் செல்லலாம்;
கூட்டிய ஆயுள் வாய்க்கு மானால்,
மீண்டுநாம் ஒருநாள் சந்திக்க லாமே.

இதை மட்டும் மலாயில் சொன்னவரும் தமிழில் சொன்னவரும் அருகருகே நின்று, கடைசி வரியை அவரவர் மொழியில் ஒரே நேரத்தில் சொல்லட்டும். அதன்பின் நன்றியுரை வைக்காதீர்கள். இரு மொழியிலும் அச்சிட்ட தாளை வந்தவர் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்து, தவறான சொல் எதுவும் கண்ணில் பட்டால் தாளிலேயே திருத்தி அடுத்த வாரம் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். திருத்தம் வந்த தாள்களைக் குறிப்பேட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை அங்கிருந்து தொடங்கலாம்.